ஹார்ட் டிஸ்க் போச்சு என்று சொன்னால், முதலில் தேதியைப் பாருங்கள்

மடிக்கணினியை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் சின்னம் வருகிறது, நீலத்திரை ஒன்று மின்னி மறைகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கடையில் கேட்டால் "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்பார்கள். போகாமலும் இருக்கலாம்.

போன மாதம் எங்கள் மாரமங்கலத்தில், என்னிடம் ஐந்தாவது படித்த பெண் ஒருத்தி, பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினியைக் கொண்டுவந்தாள் (2011-ல் தொடங்கிய திட்டம்). புது டிஸ்க்தான் போடணும், உள்ளே இருப்பது கிடைக்காது என்று சேலத்தில் ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். "டிஸ்க் போனா போவுது சார். அப்பா போட்டோ இதுல மட்டும்தான் இருக்குது" என்றாள். அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது.

ஆன் செய்ததும் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனேன். டிஸ்கின் பெயர் சரியாகத் தெரிந்தது. ஆனால் தேதி 2009 ஜனவரி 1. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று உண்டு. பெரும்பாலும் சிஆர் 2032, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்து ஏற்பாடு. இந்த மெஷினில் பெரிய பேட்டரியும் செத்து, சார்ஜர் தயவில்தான் ஓடுகிறது. மலையில் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்! சின்ன பேட்டரியும் தீர்ந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் அமைப்புகள் எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்கே திரும்பிவிடும்.

அதில் ஒன்று, டிஸ்கோடு பேசும் முறை. பழையது ஐடிஇ, புதியது ஏஎச்சிஐ. எக்ஸ்பி சிடியில் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. அதனால் மெக்கானிக்குகள் ஐடிஇக்கு மாற்றிவிட்டே இன்ஸ்டால் செய்து பழகினார்கள். விண்டோஸ் 7 வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விண்டோஸ் 7-ஓ, இன்ஸ்டால் செய்தபோது எந்த முறை இருந்ததோ அதன் டிரைவரை மட்டுமே துவக்கத்தில் எழுப்பும். பேட்டரி தீர்ந்து, பயாஸ் ஏஎச்சிஐக்குத் திரும்பியதும், தான் குடியிருக்கும் டிஸ்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினால் நீலத்திரை நிற்கும். எண்ணின் கடைசியில் 7பி என்று இருந்தது. இந்தக் கோளாறுக்கு உரிய எண் அது.

சரிசெய்யும் முன் ஒரு வேலை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். லினக்ஸ் இரண்டு டிரைவரையும் வைத்திருக்கும், முறை மாறினால் தடுமாறாது. டிஸ்க் திறந்தது. காப்பி காயப்போட்ட களத்தில் அவள் அப்பா நிற்கிறார், பக்கத்தில் யூனிபார்மில் அவள். பக்கத்திலிருந்தவள் எதுவும் பேசவில்லை. எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகே மற்றது. புது பேட்டரி போட்டு, தேதி வைத்து, சாட்டா முறையை ஐடிஇ ஆக்கி, எஃப்10. விண்டோஸ் வந்துவிட்டது.

டிஸ்க் நிஜமாகவே போவதும் உண்டு. டக் டக் என்று சத்தம் வந்தாலோ, பயாஸில் அதன் பெயரே காணாமல் போனாலோ, திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். மற்றபடி பயாஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து கமெண்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.