மொழியறிவு மட்டும் போதுமா?

இலங்கை வேடரைப் பற்றி அறிய விழையும் மானிடவியல் மாணவன் முதலிற் கையிலெடுப்பது செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ஆங்கில நூலையே. அதிலே அடிக்கடி எதிர்ப்படும் பெயர் சரசின். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவரும் வேடரைப் பற்றி எழுதி, 1892-93 இல் வெளிவந்த பெருநூல் ஜேர்மன் மொழியிலுள்ளது. அவனது வாசிப்பு அங்கே தடைப்படுகிறது. ஆங்கிலத்திற் பெயர்த்துத் தருவாரைத் தேடும் படலம் தொடங்குகிறது.

ஜேர்மன் கற்றவர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஐயம் தீர்வதில்லை. அக்கால ஜேர்மன் அறிஞரிடையே 'அந்த்ரோபொலொகி' என்பது பெரும்பாலும் மண்டையோட்டையும் உடலளவுகளையும் ஆராயும் துறையையே குறித்தது. ஒலியொற்றுமையை நம்பி அதனை அப்படியே பெயர்ப்பவர் இன்றைய வாசகரை மயக்குவார். 'நாத்தூர்ஃபோல்க்கர்' என்பதோ இதனினும் இடர்மிக்க சொல். 'இயற்கை மக்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அது 'பிறிமிற்றிவ்' எனப் பெயர்க்கப்படுவதுண்டு. அவ்வாறு பெயர்த்தால் இகழ்ச்சி மிகும். நேர்ப்பொருளோடு நின்றால் மூலத்தில் மறைந்துள்ள இகழ்ச்சி தெரியாது போகும். மொழியோடு துறையையும் அறிந்தவரே இவ்விடத்தில் நின்று சிந்திப்பார்.

வில்கெல்ம் கைகர் ஜேர்மனிற் பெயர்த்த மகாவம்சத்தை ஆங்கிலமாக்கியவர் மேபல் போட். அவர் தாமும் பாளி அறிஞர். அவரது ஆங்கிலத்தைக் கைகர் மீளப் பார்வையிட்ட பின்னரே, 1912 இல், நூல் வெளிவந்தது. துறையறிந்த மொழிபெயர்ப்பாளர் கிட்டாதவிடத்து, துறை பயிலும் மாணவனே அவரருகில் அமர்ந்து சொல்தோறும் வினவவேண்டும். வேடரின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நாட்டில் வாழ்கின்றனர். தவறான சொல்லின் சுமை அவர்கள்மீதே இறங்கும்.