குறும்பி

பழைய தில்லியில் ஜாமா மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களிலும், கனாட் பிளேஸ் நடைபாதைகளிலும் சிவப்புத் தலைப்பாகை அணிந்த சிலரைக் காணலாம். தலைப்பாகையின் மடிப்பில் மெல்லிய ஊசிகளும் பஞ்சும் செருகப்பட்டிருக்கும். தோளில் தொங்கும் பையில் எண்ணெய்க் குப்பியும் இடுக்கியும் இருக்கும். தில்லி மக்கள் இவர்களைக் ‘கான் சாஃப்வாலா’ என்பர். இந்தியில் ‘கான்’ என்றால் காது. தமிழிலோ ‘கான்’ என்பது காட்டைக் குறிக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டி ஒருவர், காட்டைத் தூய்மை செய்பவர் தலைநகரில் திரிவது ஏன் என்று வியந்தால் அவரைக் குறை கூற இயலாது.

முகலாயர் காலந்தொட்டு நடந்துவருவதாகச் சொல்லப்படும் தொழில் இது. வாடிக்கையாளரின் தலையைக் கதிரொளி படுமாறு சாய்த்து, ஊசி நுனியில் பஞ்சைச் சுற்றி, மெல்லச் சுழற்றி எடுப்பர். தந்தையிடமிருந்து மகன் கற்ற கைத்திறன் அது. ஆயினும் செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். நெரிசலான தெருவில் யாரேனும் தோளில் இடித்தால் என்னவாகும்? ஒருவர் காதில் நுழைந்த ஊசி கொதிநீரில் இடப்படாமல் அடுத்தவர் காதில் நுழைந்தால் என்னவாகும்?

அவர்கள் எடுப்பது எது? பலர் அதனைக் ‘காதழுக்கு’ என்பர். தமிழில் அதற்குக் ‘குறும்பி’ என்னும் பெயர் உண்டு. அது வெறும் அழுக்கன்று. ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலின் வெளிப்பகுதிச் சுரப்பிகள் அதனைச் சுரக்கின்றன. தூசியையும் சிறு பூச்சிகளையும் அது உள்ளே விடாமல் தடுக்கிறது, கிருமிகளையும் எதிர்க்கிறது. செவிக்குழலின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல வளர்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைகிறது. இவற்றால் பழைய குறும்பி தானே வெளியேறிவிடும்.

இதனை அறியாமல் மக்கள் ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு ஆகியவற்றால் காதைக் குடைகின்றனர். பஞ்சுக்குச்சியும் அவ்வாறே தீங்கு செய்யும். அது குறும்பியில் சிறிதளவை வெளியே எடுத்து, எஞ்சியதை உள்ளே தள்ளி அடைத்துவிடும்.

அடைத்த காது சிறுவர்க்குப் பெருந்துன்பம். ஆசிரியர் அழைத்தும் திரும்பாத மாணவியைக் ‘கவனமில்லாதவள்’ என்று வகுப்பு எண்ணிவிடும். பகலெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் கேட்டு, வீட்டிலும் தமிழ் வகுப்பிலும் மட்டுமே தமிழ் கேட்கும் தில்லிக் குழந்தைக்கு இழப்பு இன்னும் மிகுதி. பள்ளி, பல்லி, வாழை, வாளை என்னும் சொற்களின் வேறுபாட்டைச் செவிதான் முதலில் கற்க வேண்டும்.

காது அடைத்தால் பெற்றோரிடம் சொல்வதே முதற்கடன். வலியோ சீழோ இல்லையெனில், மருத்துவரின் அறிவுரைப்படி இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் ஒருக்களித்துப் படுக்கலாம். சில நாள்களில் குறும்பி இளகும். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும்; குப்பியை இளஞ்சூடான நீரில் வைத்து உருக்கி, உடற்சூட்டளவில் இருக்கும்போதே விடவேண்டும். அடுப்பில் காய்ச்சிய எண்ணெய் செவியைச் சுட்டுவிடும். வெளியே வந்ததை மட்டும் துணியால் துடைத்தல் போதும். வலியோ சீழோ இருந்தாலும், செவிப்பறையில் துளை இருந்தாலும் எதையும் விடலாகாது. மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விளக்கொளியில் நோக்கி, இளஞ்சூட்டு நீராலோ உறிஞ்சு குழலாலோ சில நிமிடங்களில் அகற்றுவர்.

இன்று சிவப்புத் தலைப்பாகையினர் குறைந்து வருகின்றனர். அவர்களுடைய பொறுமையும் மெல்லிய கையும் மதிக்கத்தக்கவை. எனினும் தூய கருவியும் நல்ல விளக்கும் உள்ள இடத்திலேயே காதை ஒப்படைக்க வேண்டும்.

சொற்பொருள்
செவிக்குழல் – காதின் துளைவழி
செவிப்பறை – காதினுள் உள்ள மெல்லிய சவ்வு
ஒருக்களித்து – ஒரு பக்கமாகச் சாய்ந்து

சிந்தித்து எழுதுக
1. குறும்பியை ‘அழுக்கு’ என்பது ஏன் பொருந்தாது?
2. ‘கான்’ போலத் தமிழிலும் இந்தியிலும் வெவ்வேறு பொருள் தரும் சொற்கள் இரண்டனை வீட்டில் கேட்டு எழுதுக.