தரங்கம்பாடி

அலை பாடும் ஊர் என்று பொருள்! தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று, 1620-இல் டேனியர் இங்கே கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கோட்டையும் நகர வாசலும் இன்றும் நிற்கின்றன.

ஆயினும் என் மனங்கவர்ந்தவர், ஜெர்மனியின் சிற்றூரான புல்ஸ்நிட்ஸில் பிறந்து 1706-இல் இவ்வூருக்கு வந்த சீகன்பால்கு ஐயரே. சிறுவர்களோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியவர், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். (அவர் நம் கத்தோலிக்க சபையினர் அல்லர், அதனாலென்ன?) பெண்பிள்ளைகளுக்கு 1707-இலேயே பள்ளி திறந்தாராம்! பூண்டு தரம் பிரிக்கும் கைகளுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்போர் எங்கள் வடுகபட்டியில் இன்னும் சிலர் உண்டு. 1719-இல் மறைந்த ஐயர் அடக்கமாகியுள்ள புதிய எருசலேம் ஆலயத்திற்கு அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும்.