கிணத்து மேட்டுக்கு எந்த போர்டு?

போன சித்திரையில எங்க கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. ராத்திரி தண்ணி இல்லாமலே ஓடியிருக்கு. தப்பு மோட்டார் மேல இல்ல, என் மேலதான்.

எங்க பக்கம் மும்முனை கரண்ட் பாதி நாள் நடுராத்திரிலதான் வரும். டார்ச் லைட்டோட வரப்புல நடந்து போய் மோட்டார் போடணும். பாம்பு பயம் வேற. இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன் மகன், "சித்தப்பா, ஒரு குட்டி கம்ப்யூட்டர் வெச்சா போன்லயே மோட்டார் போடலாம்"னு சொன்னான். உள்ளங்கை அளவு போர்டு. லினக்ஸ் ஓடும், மெமரி கார்டுல இருந்து கிளம்பும். மூணு மாசம் திண்ணையில உக்காந்தே தண்ணி பாய்ச்சினேன். ஊரே வந்து வேடிக்கை பார்த்துச்சு.

ஆனா கம்ப்யூட்டர்னா முறையா ஷட்டவுன் பண்ணணும். கார்டுல எதையாவது எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ஃபைல் கெட்டுப் போகலாம். எங்க ஊர்ல கரண்ட் சொல்லிட்டா போகுது? கார்டு கொஞ்சம் கொஞ்சமா கெட்டிருக்கு. அன்னிக்கு மோட்டாரைப் போட்ட கையோட புரோகிராம் உறைஞ்சு நின்னுருச்சு. ரிலே பிடிச்ச பிடியை விடல. தண்ணி இறங்கிடுச்சுன்னு மிதவை சொல்லுது, கேக்கத்தான் ஆள் இல்ல.

ரீவைண்டிங் கடைக்காரர் கதையைக் கேட்டுட்டு, "ஏன் தம்பி, மிதவையப் பாத்து ஸ்விட்ச்ச அமத்த ஒரு கம்ப்யூட்டரா?"ன்னார். எனக்குப் பதில் வரல.

இப்ப கிணத்து மேட்டுல இருக்கிறது இ.எஸ்.பி.32, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். உள்ள இருக்கிற நினைவகம் 520 கிலோபைட்தான். கம்ப்யூட்டர் போர்டோட ஒப்பிட்டா யானைக்குப் பக்கத்துல எறும்பு. ஆனா லினக்ஸும் இல்ல, மெமரி கார்டும் இல்ல. நாம ஏத்தின ஒரே புரோகிராம்தான். கரண்ட் வந்ததும் ஓரிரு நொடியில வேலைக்கு நிக்கும், எப்பப் போனாலும் கவலையில்ல. வைஃபையும் உண்டு. மண் ஈரம் பாக்குற சென்சாரை நேரா மாட்டலாம். ராஸ்பெர்ரி பைல அனலாக் பின் கிடையாது, அதுக்குத் தனியா ஒரு சிப் வேணும். புரோகிராம் உறைஞ்சா போர்டைத் திரும்பக் கிளப்பி விடுற வாட்ச்டாகும் இதுல இருக்கு. பழைய போர்டுலயும் அது இருந்துச்சு, நான்தான் போடாம விட்டேன்.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுடல. புது கார்டு போட்டு, வீட்டுல இன்வெர்ட்டர் லைன்ல வெச்சிருக்கேன். காட்டுப்பன்னி வருதான்னு கேமரா பாக்குது, கிணத்து மட்டத்தைத் தினமும் குறிச்சு வைக்குது. படம் பாக்கணும், கணக்கு சேத்து வைக்கணும்னா அதுதான் சரி.

மாடித்தோட்டத்துக்கு சொட்டுநீர் ஆட்டோமேட்டிக் பண்ணப் போறவங்க முதல்ல வேலையை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. 'ஈரம் குறைஞ்சா வால்வைத் திற, நேரம் ஆனா மூடு'ன்னு ரெண்டு வரியில முடிஞ்சா மைக்ரோகன்ட்ரோலரே போதும்.

இன்னொண்ணு. எந்த போர்டு வெச்சாலும், மிதவை சுவிட்சை எலக்ட்ரீஷியனை வெச்சு ஸ்டார்ட்டர் காயிலோட சீரியல்ல மாட்டிடுங்க. போர்டு செத்தாலும் தண்ணி இறங்கினா மோட்டார் நிக்கும். அந்த ஒரு வயரை அன்னிக்கே போட்டிருந்தா, ஆட்டுக்குட்டி வித்த காசு ரீவைண்டிங் கடைக்குப் போயிருக்காது.