பழைய கணினிக்குப் புது பிராசஸர்

பத்து நாளாக ஏன் எதுவும் எழுதவில்லை என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் கணினிக்குத்தான் வைத்தியம் நடந்தது. வைத்தியம் பார்த்தவன் நானே என்பதால்தான் பத்து நாள் ஆயிற்று.

பணி ஓய்வுக்குப் பிறகு 2011-ல் வாங்கிய மேசைக் கணினி அது. எச்61 வகை மதர்போர்டு, அதில் இன்டெல் ஐ3 2100 பிராசஸர். ரேமை முன்பே 8 ஜிபி ஆக்கியிருந்தேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.யும் போட்டாயிற்று. கடிதம் எழுத, இந்தக் கட்டுரைகளை டைப் செய்ய அதுவே போதும். ஆனால் சில வருஷமாக எனக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. நம் ஊரில் எத்தனையோ வீட்டில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்கள் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஸ்கேன் செய்து, எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளில் ஓட்டி, பிறகு தமிழில் எழுதிக் கொடுப்பேன். அந்த மென்பொருள் ஓடும்போதுதான் இந்த ஐ3 மூச்சு வாங்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிடலாம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. கணவர் சொல்தாவாக இருந்து காலமானவர். 1958-ல் நொத்தேர் முன்னால் எழுதிய பாகப் பத்திரம், 14 பக்கம், டைப் அடித்தது, அவரிடம் இருந்தது. திங்கட்கிழமை வக்கீலிடம் போக வேண்டும், அதற்குள் தமிழில் வேண்டும் என்று கொண்டுவந்தார். "தம்பி, நீ இருக்கிற தைரியத்திலதான் வக்கீலுக்கு நாள் சொல்லிட்டேன்" என்றார். ஒன்பது பக்கம் முடித்தேன். வியாழக்கிழமை எனக்கு ஆசை பிறந்தது. கணினியை வேகப்படுத்திவிட்டால் மீதி ஐந்தையும் ஒரே மூச்சில் முடிக்கலாமே?

துலூஸில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "அப்பா, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்றான். நான் கேட்கவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய், "ஐ5 ஒண்ணு குடு தம்பி, பழசா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். போர்டு என்ன என்று கடைப் பையன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2,200 ரூபாய் கொடுத்து ஐ5 4570 வாங்கி வந்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். எந்தக் கோப்பு வந்தாலும் "விதி எண் என்ன?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறப்பேன். என் சொந்தக் காசில் வாங்கும்போது விதியையும் பார்க்கவில்லை, கோப்பையும் பார்க்கவில்லை.

வீட்டில் ஃபேனைக் கழற்றி, ஐ3-ஐ எடுத்து, புதியதை வைத்தேன். உட்காரவில்லை. இரண்டும் ஒரே அளவுச் சதுரம்தான், பக்கத்துக்கு மூன்றே முக்கால் சென்டிமீட்டர். ஆனால் ஓரத்தில் இருக்கும் வெட்டுகள் சாக்கெட்டில் இருக்கும் மேடுகளோடு பொருந்தவில்லை. நல்ல வேளை, அழுத்தவில்லை. இந்த வகை இன்டெல் போர்டுகளில் ஊசிகள் பிராசஸரில் இல்லை, சாக்கெட்டில்தான் இருக்கின்றன. தலைமுடி போல மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் போர்டில் சாக்கெட் 1155, வாங்கி வந்தது 1150-க்கானது. அந்த எண்கள் வேறொன்றுமில்லை, தொடும் புள்ளிகளின் எண்ணிக்கை. 1156 என்றும் 1151 என்றும்கூட உண்டு. நான்கும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம். இன்னொரு 1,800 ரூபாய் கொடுத்து, இந்த முறை சாக்கெட் எண்ணைச் சொல்லி, ஐ5 3470 வாங்கினேன். நான்கு கோர், 77 வாட். பழைய ஐ3 65 வாட். போர்டு 95 வாட் வரை தாங்கும் என்று அதன் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை பொருத்தினேன். அழகாக உட்கார்ந்தது. தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்து, ஃபேனை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், மானிட்டர் வயரை மாற்றினேன். கறுப்புதான். இரவு பத்து மணி. அக்காவின் ஒன்பது பக்கம் உள்ளே, மீதி ஐந்து பக்கம் வெளியே. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி வேலையை எடுத்திருக்கலாம் என்பது அன்று இரவு எனக்குத் தோன்றவே இல்லை. பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது. தூக்கமும் இல்லை.

ஞாயிறு காலை பழைய ஐ3-ஐத் திரும்பப் போட்டேன். உடனே உயிர் வந்தது! அப்போதுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் போர்டின் மாடல் பெயரும் பயாஸின் பதிப்பும் தேதியும் வருகின்றன. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இவற்றையே சாக்கெட் பெயரோடு காட்டும். அந்த மாடல் பெயரை வைத்து, போர்டு தயாரித்தவர்களின் இணையதளத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலைத் திறந்தேன். 3470 அதில் இருந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று ஒரு எண். என்னுடையது அதற்கு முந்தியது. 2011-ல் எழுதிய பயாஸ். 3470 வந்ததே 2012-ல். தனக்குப் பின்னால் பிறந்தவனை அந்த போர்டுக்கு எப்படித் தெரியும்?

படித்ததும் சிரிப்பு வந்தது. 1972-ல் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது என் பிரெவே சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமமா, இல்லையா?" என்று கேட்டார் ஒரு எழுத்தர். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. முத்திரை, கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தது. அவர் கையிலிருந்த பட்டியலில்தான் அந்தப் பெயர் இல்லை. இணைச் சான்று வாங்கி வர ஆறு வாரம் அலைந்தேன். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டமான ஆறு வாரம். அந்த மனிதர் மேல் வெகுநாள் கோபம் இருந்தது. பின்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், பட்டியலில் இல்லாததை அவரால் எப்படி ஏற்க முடியும் என்று புரிந்தது.

பயாஸைப் புதுப்பிப்பதற்குப் பழைய பிராசஸர்தான் உள்ளே இருக்க வேண்டும். இது முக்கியம். புதியதைப் போட்டதும் பழையதை விற்றுவிட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள். புதிய பயாஸை இறக்கி, பென்டிரைவில் போட்டு, போர்டுக்குள் இருக்கும் வசதியிலேயே ஏற்றினேன். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும் என்பதால் எதிர்வீட்டு யு.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கினேன். மூன்று நான்கு நிமிஷம்தான், எனக்கு மூன்று மணி நேரம் போலிருந்தது. பிறகு மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, 3470-ஐ வைத்துப் போட்டேன். திரையில் அதன் பெயரைப் படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா நாலாயிரம்?" என்றாள்.

உங்களிடம் கொஞ்சம் புதிய கணினி இருந்தாலும் இதே கதைதான். 1151 சாக்கெட்டில் 6, 7-ஆம் தலைமுறை ஒரு கட்சி, 8, 9-ஆம் தலைமுறை இன்னொரு கட்சி. உட்காரும், ஆனால் போர்டு மாறினால் ஓடாது. ஏஎம்டி-யின் ஏஎம்4 போர்டுகளில் பல தலைமுறைகள் ஓடும், அங்கேயும் பயாஸ் பதிப்பைப் பார்த்தாக வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கணினிக்கு இவ்வளவு செய்தும் விண்டோஸ் 11 வராது. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் குறைந்தவற்றை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் வங்கி வேலை எதையும் இதில் செய்வதில்லை. மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு, அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

மீதி ஐந்து பக்கம் ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு முடிந்தது. திங்கள் காலை அக்கா வந்து, ஒவ்வொரு பக்கமாக மெதுவாகப் படித்தார். கிணற்றடி யாருக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "அவரு சொன்னது சரிதான்" என்றார். வேறு ஒன்றும் பேசாமல் பையில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

அந்த ஐ5 4570 இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. 1150 சாக்கெட் போர்டு, எச்81 மாதிரி, வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வரும்போது உங்கள் போர்டின் மாடல் பெயரையும் பயாஸ் பதிப்பையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.