முனையை மூடுதல்

படைப்பவன் ஆக்குகிறான், விமர்சகன் தடுக்கிறான் என்றொரு பேச்சு நம் வட்டத்தில் அடிக்கடி எழுகிறது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் விஞ்ஞானத்துக்கும் தூரம் அதிகம். எனினும் இந்தப் பேச்சுக்கு எதிரான சாட்சியம் எனக்குச் செல் உயிரியலில்தான் கிடைத்தது.

ஆக்டின் என்ற புரோட்டீன், 1942இல் ஹங்கேரியின் செகெட் நகரில் ப்ரூனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து கண்டறிந்தது. பின்னர் அமீபாவிலும் நம் வெள்ளணுக்களிலும் காணப்பட்டது. அதன் மணிகள் ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. இழையின் ஒரு முனை வேகமாக வளரும். மறுமுனையில் மணிகள் கழலும். வளரும் இழைகள் சவ்வை உந்த, செல் ஊர்கிறது.

செல்லின் சூழலில் ஆக்டினைத் தன்போக்கில் விட்டால் ஏறக்குறைய எல்லாமே இழையாகிவிடும். புதிதாக வளர மணி மிஞ்சாது. ஆகவே தைமோசின் மணிகளைப் பிடித்து வைக்கிறது. புரோஃபிலின் அவற்றை வளரும் முனைக்கு மட்டும் அனுமதிக்கிறது. ஆர்ப் 2/3 பழைய இழையின் பக்கத்தில் சுமார் 70 டிகிரிச் சாய்வில் கிளை தொடங்குகிறது. ஃபார்மின் கிளையற்ற நீள இழையை வளர்க்கிறது. மூடும் புரோட்டீன் முனைகளை அடைக்கிறது. மணியோடு வரும் ஏ.டி.பி., கோத்தபின் சிதைந்து ஒரு பாஸ்பேட்டை இழக்கிறது. அதுவே இழையின் வயதுக்குறி. அந்தக் குறி பார்த்து கோஃபிலின் வெட்டுகிறது. பொருள் ஒன்றே, வலையா கயிறா என்பது யார் வந்து ஒட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா, தான் புகுந்த செல்லின் ஆக்டினையே வாலாக்கிக்கொண்டு நகர்கிறது. இந்த நகர்வை 1999இல் பிரான்ஸில் மேரி-பிரான்ஸ் கார்லியே குழுவினர் சுத்தமான புரோட்டீன்களை மட்டும் கொண்டு செல்லுக்கு வெளியே நிகழ்த்தினர். ஆக்டினும் ஏ.டி.பி.யும் கிளை தொடங்குவதும் போதவில்லை. வெட்டுவதும் மூடுவதும் அவசியமாயின. பெரும்பாலான முனைகள் அடைபட்டால்தான், மிச்சமுள்ள சில முனைகளுக்கு மணிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நச்சுக்காளானில் உள்ள ஃபாலாய்டின் இதற்கு நேர் எதிர். இழையைக் கலையவிடாமல் உறுதியாக்குகிறது. அதைப் போதிய அளவு செலுத்தினால் செல்லின் நகர்வு நின்றுவிடுகிறது.

புகழ்ச்சியும் சில சமயம் ஃபாலாய்டின்தான். என் மேஜைமேல் நண்பர் ஒருவரின் புதிய தொகுப்பு இருக்கிறது. பதினைந்து வருஷங்களாக அவர் எழுதிவரும் ஒரே கவிதையின் நீட்சி. முதலில் எழுதியபோது அது வேறு யாருக்கும் கைவராதது. பாராட்டி எழுதினால் நட்பு மிஞ்சும். அடுத்த கவிதைக்கு மணி மிஞ்சாது.

உவமையை இதற்கு மேல் இழுப்பது நியாயமில்லை. கோஃபிலினுக்கு ரசனை கிடையாது. வயதுக்குறியை வைத்து வெட்டுகிறது. நாமோ பிடிக்காததை வெட்டிவிட்டு அதைப் பழசு என்கிறோம். கவிதையில் வயது என்பது ஆண்டுக் கணக்கல்ல, பழகிப்போதல். எந்த வரியில் அது தொடங்கியது என்று காட்ட முடிந்தால் மட்டுமே எனக்கு வெட்ட உரிமையுண்டு. அந்த வரியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.