அம்மா சொன்ன பழங்கதை

தலைநகரில் குடியேறி 28 ஆண்டுகள் கழிந்தும், அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து அழைத்துவந்து எங்களுடன் வைத்துக்கொள்ளும் பாக்கியம் சென்ற ஐப்பசியில்தான் கிட்டியது. வந்த பத்தாம் நாளே வலப்பக்க விலாவின் கீழ் பொறுக்கவொண்ணாத வலி, கண்களும் மஞ்சளாயின. பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பதை ஸ்கேன் காட்டிற்று.

வளையும் குழாயொன்றை வாய்வழியே சிறுகுடல் வரை செலுத்தி, பித்தநாளத்தில் சாயமேற்றி எக்ஸ்ரே படமெடுப்பது 1968 முதல் வழங்கிவரும் முறை. 1974-இல், நாளத்தின் வாயைச் சற்றே கீறிக் கல்லை எடுக்கவும் வழி பிறந்தது. வயிற்றை அறுக்க வேண்டியதில்லை என்றறிந்து ஆறுதலடைந்தோம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பொறுமைசாலி. முழு மயக்கத்துக்கு இரு வழிகள் உண்டென ஹிந்தியில் விளக்கினார். ஒன்று, பால்போல் வெளுத்த புரோபோஃபால் என்னும் மருந்தை நரம்பு வழியே இடைவிடாது செலுத்துவது. கண்விழித்தபின் குமட்டல் குறைவு; ஆனால் ஏறும்போது கை எரியும், இரத்த அழுத்தம் இறங்கலாம், மாற்று மருந்தும் கிடையாது. மற்றொன்று, செவோஃப்ளுரேன் போன்ற ஆவியைப் பிராணவாயுவுடன் மூச்சுக்குழலில் செலுத்துவது. மூச்சுக்கு மூச்சு அதன் அளவை யந்திரம் காட்டும்; மூச்சோடு வெளியேறியும் விடும். ஆனால் வாந்தி சற்று அதிகம். "இரண்டும் நல்லவையே; யாருக்கு எது என்பதுதான் கேள்வி" என்றார்.

பிறகு, "குடும்பத்தில் யாருக்கேனும் மயக்க மருந்தால் தீங்கு நேர்ந்ததுண்டா?" என்று கேட்டார். அம்மாவைக் கேளாமலே "இல்லை" என்றோம்.

"என்னடா கேட்கிறார்?" என்றார் அம்மா. சொன்னோம். சற்று மௌனமாக இருந்தவர், "என் அண்ணா அப்படித்தானே போனான்!" என்றார். 1959-இல், அம்மாவுக்கு 11 வயதாயிருந்தபோது, குடல்வால் அறுவைக்கு ஈதர் கொடுத்தார்களாம். உடல் விறைத்து அனலாய்க் கொதித்து, அன்றிரவே மாண்டாராம். விதியென்று வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

நாங்கள் மொழிபெயர்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சில குடும்பங்களில், பரம்பரைக் கோளாறு காரணமாக, இத்தகைய ஆவிகள் தசைகளை விறைக்கச் செய்து, உயிரைக் குடிக்கும் சூட்டை மூட்டுமாம். ஈதரினால் உறவினர் பலரை இழந்த ஆஸ்திரேலியக் குடும்பமொன்றைப் பற்றி 1960-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகே உலகம் இதை உணர்ந்ததாம். "மாமாவுக்கு நேர்ந்தது அதுதானா என்று இன்று சொல்ல இயலாது. ஆயினும் ஆவி வேண்டாம், புரோபோஃபால் அந்தச் சூட்டை மூட்டுவதில்லை" என்று முடிவு செய்தார்.

கல் சுகமாக வெளிவந்தது. கண்விழித்த அம்மா, "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்றார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

மொழி அறியாத பெரியவர்களுக்காக நாமே பதில் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவர்கள் நினைவில் உள்ளது நமக்குத் தெரியாது. மாமாவின் கதையை இப்போது தாளில் எழுதி, எங்கள் குழந்தைகளிடமும் கொடுத்திருக்கிறோம். அவர்கள் உடம்பிலும் ஓடுவது அதே இரத்தமல்லவா?